பொருளாதாரம் விழும்போது பல்கலைக்கழகத்துக்கு என்ன நடக்கிறது?

நாட்டில் காசுத் தட்டுப்பாடு வந்தால் படிக்கப் போகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். "வயித்துக்கே வழியில்ல, இதுல படிப்பா?" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பொருளியலாளர்கள் பல நாடுகளில் கண்டது இதற்கு நேர்மாறானது. பொருளாதாரம் விழும்போது உயர்கல்வியைத் தேடி வருவோர் தொகை பெரும்பாலும் கூடுகிறது. அதே நேரத்தில் அரசாங்கம் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பணம் குறைகிறது. வருகிறவர்கள் கூட, கொடுக்கிற பணம் குறைய, இடையில் விழும் பாரத்தை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். அது யார் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இந்தக் கட்டுரை அந்தப் பாரம் போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்க்கிறது. முதலில், புள்ளிவிவரங்கள் தெளிவாகக் கிடைக்கும் அமெரிக்காவின் அனுபவம். பிறகு 2022 இல் நாம் பட்ட பாடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நமது இலவசக் கல்வி எங்கே கசிகிறது என்பது விளங்கும்.

வேலை இல்லாதபோது வகுப்பறை

உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு 'அமையச் செலவு' என்ற சொல் ஞாபகம் இருக்கும். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகின்ற மற்றொன்றின் பெறுமதி அது. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படிக்கும் பிள்ளை, அந்த நாலு வருடமும் உழைத்திருக்கக்கூடிய சம்பளத்தைக் கைவிடுகிறது. கட்டணம், புத்தகம், சாப்பாடு எல்லாவற்றையும் விடப் பல குடும்பங்களுக்கு இதுதான் பெரிய செலவு. யாரும் ரசீது தராததால் அது கண்ணில் படுவதில்லை.

வேலை கிடைக்கும் காலத்தில் இந்தச் செலவு அதிகம். வேலை இல்லாத காலத்தில் கைவிடுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே படிப்பு மலிவாகிவிடுகிறது. "சும்மா இருக்கிறத்துக்குப் படிச்சாவது வைப்போம்" என்ற எண்ணம் வருகிறது.

அமெரிக்காவில் 2007 இன் இறுதியில் தொடங்கிய நெருக்கடியில் இது அப்படியே நடந்தது. 2009 ஒக்டோபரில் அங்கே வேலையின்மை 10 வீதத்தைத் தொட்டது. 2007 இல் சுமார் 1 கோடி 82 இலட்சமாக இருந்த பல்கலைக்கழக, கல்லூரி மாணவர் தொகை 2010 இல் சுமார் 2 கோடி 10 இலட்சமாக ஏறியது. மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் கூடினார்கள். இவர்களில் பெருந்தொகையினர் கட்டணம் குறைந்த, இரண்டு ஆண்டுப் படிப்பைக் கொடுக்கும் சமுதாயக் கல்லூரிகளை நாடினார்கள். வேலையிழந்து, இன்னொரு தொழிலைப் பழக வந்த நடுத்தர வயதினரும் அவர்களில் இருந்தார்கள். பொருளாதாரம் தேறத் தொடங்கியதும் இந்தத் தொகை மெல்ல மெல்ல இறங்கியது.

முதலில் வெட்டப்படுவது ஏன் பல்கலைக்கழகம்?

அமெரிக்காவில் அரசப் பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பவை பெரும்பாலும் மாநில அரசுகள். அந்த மாநிலங்களில் ஏறத்தாழ எல்லாமே, வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டவை. மத்திய அரசைப் போல் கடன்பட்டுச் சமாளிக்க அவற்றால் ஏலாது. வரி வருமானம் குறைந்தால் எதையாவது வெட்டியாக வேண்டும். ஏழைகளின் மருத்துவச் செலவில் கைவைக்கச் சட்டம் எளிதில் இடம் கொடுக்காது. பாடசாலையில் கைவைத்தால் பெற்றோர் எழும்புவார்கள். சிறைச்சாலையை மூட முடியாது. பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் வேறொரு வருமானம் உண்டு: மாணவரின் கட்டணம். "நாங்கள் குறைக்கிறோம், நீங்கள் அவர்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அது.

அப்படித்தான் நடந்தது. 2008 இலிருந்து 2012 வரையான காலத்தில் ஒரு மாணவருக்கென மாநில, உள்ளூர் அரசுகள் கொடுத்த பணம், பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ காற்பங்கு குறைந்தது. அது பழைய நிலைக்குத் திரும்பப் பத்தாண்டுக்கும் மேல் பிடித்தது.

கலிபோர்னியா மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். 2009 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபை கட்டணத்தை 32 வீதத்தால் உயர்த்தத் தீர்மானித்தது. வருடக் கட்டணம் 10,000 டொலரைத் தாண்டியது. மாணவர்கள் கட்டடங்களுக்குள் புகுந்து போராடினார்கள். ஏழைகளின் கடைசி வாசலான சமுதாயக் கல்லூரிகளிலும், ஒரு பாட அலகுக்கு 20 டொலராக இருந்த கட்டணம் 2009 இல் 26 ஆகவும், 2011 இல் 36 ஆகவும், 2012 இல் 46 ஆகவும் ஏறியது. கட்டணத்தை விடப் பெரிய அடி வேறொன்று. பணமில்லாததால் வகுப்புகளையே குறைத்தார்கள். பாடத்துக்குப் பதியப் போனவர்கள் "இடம் நிரம்பிவிட்டது" என்ற பதிலோடு திரும்பினார்கள். படிக்க ஆசைப்பட்டவர்கள் அதிகமாக இருந்த காலத்தில்தான், அந்த மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகள் சுமார் 5 இலட்சம் மாணவர்களை இழந்தன.

ஒரு விடயம் அங்கே ஓரளவு கைகொடுத்தது. வறிய மாணவருக்கான 'பெல்' மானியத்தை மத்திய அரசு நெருக்கடிக் காலத்தில் பெரிதும் விரிவாக்கியது. அதற்கான செலவு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டித்தது. பொருளாதாரத்தோடு சேர்ந்து விழாத ஒரு பணப்பை எங்காவது இருந்தால் மட்டுமே இப்படிச் செய்ய முடியும். இதை மனதில் வைத்துக்கொள்வோம். பின்னர் நமக்குத் தேவைப்படும்.

நமது வாசல் வேறு மாதிரியானது

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே அரசப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறப்பது கட்டணம் அல்ல, இசட் புள்ளி. அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உள்ளே எடுக்கப்படுவோர் நாற்பதாயிரத்துச் சொச்சம். அதாவது ஏறத்தாழ நாலில் ஒருவர். நாட்டில் வேலை இல்லை என்பதற்காக அந்த வருடம் இன்னும் பத்தாயிரம் பேர் உள்ளே போக முடியாது. கதிரைகள் எண்ணி வைக்கப்பட்டவை.

ஆகவே அமெரிக்காவில் போல மாணவர் தொகை ஏறி இறங்குவதை வைத்து நெருக்கடியை அளக்க இங்கே வழியில்லை. கட்டணமும் ஏறாது, ஏனென்றால் கட்டணமே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் 2022 நமது பல்கலைக்கழகங்களைத் தொடாமல் போனதுபோல் தெரியும். தொட்டது; வேறு மூன்று வழிகளால் தொட்டது.

முதலாவது வழி: காலம்

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் பல்கலைக்கழக விரிவுரைகள் மீண்டும் இணையவழிக்குப் போயின. அந்த ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை நடந்ததே 2023 ஜனவரி, பெப்ரவரியில். வருமான வரி உயர்வை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகி நின்றார்கள். முடிவு 2023 செப்டம்பரில்தான் வந்தது. பிறகு வெட்டுப்புள்ளி, பிறகு பதிவு, பிறகு பீடம் தொடங்கும்வரை காத்திருப்பு. உள்ளே போனவர்களுக்கும் தடை நீங்கவில்லை; 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் சம்பளப் போராட்டம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது.

இந்தத் தாமதங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் விலைவாசிக்கு ஈடுகொடுக்காத சம்பளமோ இல்லாத பணமோ இருந்தது. கலிபோர்னியாவில் மாணவர் டொலரில் கட்டியதை நமது பிள்ளைகள் வருடங்களில் கட்டுகிறார்கள். நாலு வருடப் பட்டத்தை முடிக்கும்போது வயது 26, 27. காத்திருக்கும் காலத்தில் பிள்ளையைத் தாங்கக்கூடிய குடும்பத்துக்கு அது வெறும் அலுப்பு. தாங்க ஏலாத குடும்பத்துக்கு அதுவே படிப்பின் முடிவு.

இரண்டாவது வழி: தரம்

திறைசேரியின் கணக்கை ஒரு முறை பார்த்தால் இது விளங்கும். 2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக்குறைப்புக்குப் பிறகு அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தை ஒட்டிய நிலைக்குச் சரிந்தது. உலகிலேயே மிகக் குறைந்த மட்டங்களில் ஒன்று அது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அரசு அறிவித்தது. அந்தக் காலத்தில் அரச வருமானத்தின் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. மிஞ்சியதில் சம்பளமும் ஓய்வூதியமும் முந்தும். கடைசியில் வெட்ட எளிதாக எஞ்சுவது மூலதனச் செலவுதான்: புதிய விடுதி, ஆய்வுகூட உபகரணம், பாதியில் நிற்கும் விரிவுரை மண்டபம். சம்பளத்தை வெட்டினால் ஊழியர்கள் வீதிக்கு வருவார்கள். கட்டி முடிக்காத கட்டடம் ஊர்வலம் போகாது.

நெருக்கடிக்கு முன்பும் நிலைமை நல்லதாக இருக்கவில்லை. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தை ஒதுக்கும்படி கேட்டு 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஒதுக்கீடோ 2 வீதத்தைச் சுற்றியே நின்றது. 2022 வந்து அதற்கு மேல் விழுந்தது. புதிய ஆட்சேர்ப்புகள் இறுக்கப்பட்டன. 2023 ஜனவரியில் தனிநபர் வருமான வரி 36 வீதம் வரை ஏறியது. மின்கட்டணம் ஆறே மாதங்களில் இரண்டு தடவை பெரிய அளவில் ஏறியது. மேற்படிப்புக்கென வெளிநாடு போன விரிவுரையாளர்களில் பலர் திரும்பவில்லை. இருந்தவர்களிலும் பலர் போனார்கள். மருத்துவம், பொறியியல், கணினி போன்ற துறைகளில் இந்த வெற்றிடம் கூடுதலாகத் தெரிந்தது. பட்டத்தின் பெயர் மாறவில்லை. அதைக் கற்பிக்கும் ஆட்கள் குறைந்துபோனார்கள்.

மூன்றாவது வழி: அறை, சாப்பாடு, பஸ்

"கெம்பஸ் கிடைச்சிட்டாம், இனி வாப்பாக்குச் செலவில்ல" என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் வாப்பாவின் செலவு அன்றுதான் தொடங்குகிறது. அக்கரைப்பற்றுப் பிள்ளைக்குப் பேராதனையோ, புத்தளத்துப் பிள்ளைக்கு யாழ்ப்பாணமோ கிடைத்தால், கற்பித்தலுக்குத்தான் கட்டணமில்லை. தங்கும் அறைக்கு உண்டு. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு உண்டு. மடிக்கணினிக்கும் டேட்டாவுக்கும் உண்டு.

2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபா. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். மஹாபொலப் புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா. ஒரு வருடத்துக்கு முந்திய விலையில் கணக்குப் போட்டால் அந்த 5,000, மூன்றாயிரத்துக்கும் குறைவான பெறுமதிக்கு இறங்கிவிட்டது. சாப்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதியளவு. யாரும் மஹாபொலவை வெட்டவில்லை. அது தானாகவே கரைந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் 2021 இலிருந்து அதற்குள் விலைவாசி ஏறத்தாழ இரட்டித்திருக்க, உதவி அப்போது ஒன்றரை மடங்காகத்தான் கூடியது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் விடுதி முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும்தான் முன்னுரிமையோடு கொடுக்கப்படுகிறது. இடைப்பட்ட வருடங்களில் பிள்ளை வெளியே போடிங் தேட வேண்டும். செலவு உச்சத்துக்குப் போவது அப்போதுதான். ஊரில் பாராட்டு விழா நடந்து, மாலை போட்டு, முதல் வருட உதவியும் கொடுத்து எல்லோரும் மறந்துபோன நேரம் அது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. நமது பல்கலைக்கழக மாணவரில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆண் பிள்ளை நாலு பேரோடு ஒரு அறையில் ஒட்டிக்கொள்வான். இரவு பஸ்ஸில் வருவான். பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் தேவை. பாதுகாப்புக்கு விலை உண்டு. அந்த விலை ஏறும்போது "கிட்ட உள்ளதப் படி" என்ற முடிவு வருகிறது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமான, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெறுமதியை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். அது கிழக்கிலுள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அறை வாடகையை இல்லாமல் செய்தது. ஆனால் எல்லாத் துறையும் அங்கே இல்லை. எல்லாப் பிள்ளையும் அதற்குக் கிட்ட இல்லை.

ரியால் இழுக்கும் இழுவை

அமெரிக்காவில் நெருக்கடி வந்தபோது படிப்பின் அமையச் செலவு குறைந்தது என்று பார்த்தோம். நம்மில் பலருக்கு 2022 இல் அது கூடியது. காரணம் வளைகுடா.

2022 தொடக்கத்தில் ஒரு கட்டார் ரியால் சுமார் 55 ரூபா. ரூபா சரிந்த பிறகு நூறு ரூபாவை நெருங்கியது. தோஹாவில் 2,000 ரியால் உழைக்கும் ஒருவரின் சம்பளம், அவர் ஒரு மணித்தியாலம்கூட அதிகமாக வேலை செய்யாமலே, 1 இலட்சத்து 10 ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாவாகிவிட்டது. உள்ளூர் ஆசிரியரின் சம்பளமோ நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வருடம் 3 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதற்கு முன் அப்படியொரு தொகை இருந்ததில்லை.

"மூத்தவன் கட்டாருக்குப் போனா வீட்ட நிமிர்த்திடலாம்" என்ற தாயின் கணக்கில் பிழை சொல்ல முடியாது. அந்த மாதச் செலவுக்கு அது சரியான கணக்கு. ஆனால் படிப்பின் பலனை, படிக்கத் தொடங்கும் வருடத்தின் நிலைமையை வைத்து அளக்க முடியாது. 2022 இல் உள்ளே போன பிள்ளை வேலை தேடப்போவது 2026 இல் அல்லது அதற்குப் பிறகு. நெருக்கடியின் நடுவில் இருக்கும்போது அது என்றைக்கும் நீடிக்கும் என்று தோன்றும். கைவிட்ட பல்கலைக்கழக இடம்தான் திரும்பக் கிடைக்காமல் போகும்.

பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே நிற்கும் மற்றைய மூன்று பேரின் நிலையும் இதோடு சேர்ந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த தனியார் பட்டங்களின் செலவில் ஒரு பகுதி பவுணிலும் டொலரிலும் இருப்பதால் ரூபா விழுந்ததும் அது ஏறியது. 2017 இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம், வட்டியைத் தவிர்க்க விரும்பும் நமது குடும்பங்களுக்கு ஏற்ற ஒரு வழி. அதைப் பற்றித் தெரியாத பெற்றோர் இன்னும் நிறையப் பேர்.

1945 சொல்லும் பாடம்

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அதே 1945 இல்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். உலகப் போர்க்காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து கிழக்கின் ஏழ்மையை நேரில் பார்த்தவர் அவர். கல்வி இலவசமாகப் போகும் வருடத்தில் எதற்கு ஒரு கல்வி நிதி என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். வகுப்பறைக் கதவு இலவசமாகத் திறந்தாலும், அந்தக் கதவுவரை வந்து சேரவும் உள்ளே தங்கி இருக்கவும் பணம் வேண்டும் என்பதே அதற்கான விடை. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விடை மாறவில்லை.

ஆனால் அத்தகைய நிதிகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நமது ஊர் நிதிகள் பெரும்பாலும் வியாபாரிகளின் நன்கொடையிலும் ஸகாத்திலும் தங்கி நிற்கின்றன. கடை படுத்துவிட்டால் நிதியும் படுத்துவிடும். கலிபோர்னியாவின் வரி வருமானத்துக்கு நடந்ததேதான் இதற்கும் நடக்கும். உதவி கேட்போர் கூடும் வருடத்தில் கொடுப்போர் குறைவார்கள். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சல் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமிக்கப்பட்டதை நாம் அறிவோம். கல்வி நிதிக்கும் அந்த ஒழுங்கு தேவை: வந்ததை வந்த வருடமே முழுவதுமாகப் பங்கிட்டு முடிக்காமல், ஒரு பகுதியை முதலாக ஒதுக்குவது.

அதற்கு நம்மிடம் பழகிய வழி வக்பு. பல ஊர்களில் பள்ளிவாசலுக்குக் கடை வாடகை வருகிறது. காணி, தோப்பு வருமானம் இருக்கிறது. வக்பு செய்தவரின் நிபந்தனைக்கும் 1956 ஆம் ஆண்டு வக்பு சட்டத்துக்கும் உட்பட்டு, கல்விக்கென்றே புதிதாக ஒரு கடையை வக்பு செய்யலாம். வாடகை, நன்கொடையைப் போல் ஒரே நாளில் நின்றுவிடாது. ஸகாத்தின் எந்தப் பங்கிலிருந்து மாணவருக்குக் கொடுக்கலாம் என்பதை உலமாக்கள் வழிகாட்டுவார்கள்.

கொடுக்கும் முறையிலும் சிறு மாற்றம் போதும். விழாவில் எல்லோருக்கும் ஒரு தடவை பத்தாயிரம் கொடுப்பதை விட, விடுதி கிடைக்காத இரண்டாம், மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் சிலருக்கு மாதாமாதம் அறை வாடகையைப் பொறுப்பெடுப்பது கூடிய பலன் தரும். உதவித் தொகையை விலைவாசியோடு வருடத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் மஹாபொல கரைந்ததுபோல் அதுவும் கரையும். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால், தனித்தனியாக அறை தேடும் செலவில் பெரும்பகுதி மிஞ்சும்.

இவை அரசின் பொறுப்புக்கு மாற்றீடு அல்ல. விரிவுரையாளர் வெற்றிடத்தை ஊர் நிதியால் நிரப்ப முடியாது. ஆய்வுகூடத்தைப் பள்ளிவாசல் கட்டாது. கல்விக்கான ஒதுக்கீட்டைக் கேட்டுப் பேசுவது வாக்களிக்கும் எல்லோருடைய கடமை. ஆனால் அடுத்த நெருக்கடி வரும்போதும் கட்டணம் ஏறியதாக எந்த அறிவித்தலும் வரப்போவதில்லை. படிப்பை இடையில் விட்டு ஒரு பிள்ளை ஊருக்குத் திரும்பும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்கு முன்பே, இப்போது ஓரளவு மூச்சுவிட முடிகிற இந்தக் காலத்திலேயே, இந்த வருடம் தங்கள் ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் படிக்கிறார்கள், அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலை ஒவ்வொரு பள்ளிவாசல் பரிபாலன சபையும் எடுத்து வைக்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.